சும்மா இருக்கவிடாத இரண்டு சதவீதம்

"இரண்டு சதவீதம்தானே ஓடுகிறது, அதில் என்ன பேட்டரி போய்விடப் போகிறது?" என்று உடன் வேலை செய்யும் நண்பர் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மேசையில் இருந்த மடிக்கணினியில் யாரும் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. திரையில் ஒரு வெற்று முனையம் மட்டும் திறந்திருந்தது. பிராசசர் பயன்பாட்டைக் காட்டும் வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆனால் அடிப்பகுதியைத் தொட்டால் இளஞ்சூடு. பேட்டரியோ ஏதோ கனமான வேலை நடப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. வரைபடம் அப்படித்தான் நினைக்கச் சொல்கிறது. ஆனாலும் அந்த இரண்டு சதவீதம் என்னை விடவில்லை.

அந்த எண் நேரத்தை அளக்கிறது, அவ்வளவுதான். ஒரு வினாடியில் எவ்வளவு நேரம் கோர், அதாவது பிராசசருக்குள் கணக்குப் போடும் அலகு, வேலை செய்தது என்று சொல்லும்; மீதி 98 சதவீத ஓய்வு எந்த உருவத்தில் கிடைத்தது என்று சொல்லாது. ஒரே நீட்டாகக் கிடைத்த ஓய்வும், நூறு துண்டுகளாக நறுக்கப்பட்ட ஓய்வும் அந்த வரைபடத்தில் ஒரே கோடுதான். மின்செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2007-இல் இன்டெல்லில் இருந்த அர்ஜன் வான் டி வென் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டபோது, எந்த நிரல் வினாடிக்கு எத்தனை முறை பிராசசரை எழுப்புகிறது என்பதைப் பட்டியல் போட்டுக் காட்டினார். சதவீதக் கணக்கில் கண்ணுக்கே படாத நிரல்கள் அந்தப் பட்டியலின் உச்சியில் வந்து நின்றன. அதே ஆண்டு வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.21 பதிப்பில்தான், வேலை இல்லாதபோதும் வினாடிக்கு 250 முறையோ 1000 முறையோ தவறாமல் அடித்துக்கொண்டிருந்த கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதியின்) டிக் என்னும் எழுப்பு மணி, ஓய்வு நேரத்தில் நிறுத்தப்பட்டது. அதாவது அதுவரை இயங்குதளமே முதல் குற்றவாளி.

நண்பருக்கு இவ்வளவும் தெரியும். "அதெல்லாம் ஒரு கோர் இருந்த காலத்துக் கதை. இப்போது நான்கு கோர்கள். ஒன்று விழித்தால் மற்ற மூன்றும் தூங்குகின்றனவே" என்றார். பதில் இல்லாமல் நின்றது இங்கேதான். ஏனென்றால் அவர் சொன்னதைப் புள்ளிவிவரமும் ஆமோதித்தது: ஒவ்வொரு கோரும் பெரும்பாலான நேரம் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்ததாகவே பவர்டாப் காட்டியது.

தூக்கத்துக்கும் ஒரு விலை

ஓய்வில் இருக்கும் கோர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவதில்லை. உறக்க நிலைகளுக்கு சி1, சி6, சி10 என்று பெயர்; எண் கூடக்கூட ஆழம் கூடும். சி1 நிலையில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கிறது. திரும்பி வர ஓரிரு மைக்ரோ வினாடி போதும். சி6-இல் கோரின் நிலையை வேறிடத்தில் சேமித்துவிட்டு மின்சாரத்தையே துண்டிக்கிறார்கள். அதற்கும் கீழே போகப் போக, கோர்களுக்குப் பொதுவான கேஷ் (சில்லுக்குள் இருக்கும் வேக நினைவகம்), மின்னழுத்தச் சுற்றுகள், கடிகார மூலங்கள் என்று ஒவ்வொன்றாக அணைகின்றன. ஆழம் கூடக்கூட மிச்சமும் கூடும். இறங்கி ஏறும் செலவும் கூடும். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு எண்கள் உண்டு: விழித்து வர எவ்வளவு நேரம், குறைந்தது எவ்வளவு நேரம் தூங்கினால் கட்டுப்படியாகும். இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறை மடிக்கணினிச் சில்லுகளுக்கு லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் அட்டவணையில் சி6-க்கு இவை 85, 200 மைக்ரோ வினாடிகள். சி10-க்கு 890, 5000. அதாவது ஐந்து மில்லி வினாடியாவது யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் சி10-க்குப் போவதில் பொருள் உண்டு. வினாடிக்கு 250 முறை அடிக்கும் பழைய டிக் நான்கு மில்லி வினாடிக்கு ஒரு முறை வரும். அது இன்றும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தால் சி10 என்பது வெறும் அலங்காரம்.

சிக்கல் என்னவென்றால், தூங்கப் போகும் முன்பே எவ்வளவு நேரம் தூங்கப் போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். அடுத்த டைமர், அதாவது நேரம் குறித்து வைத்த அலாரம், எப்போது என்று கெர்னலுக்குத் தெரியும். விசைப்பலகையோ, வலைப்பின்னல் அட்டையோ, பக்கத்துக் கோரோ எப்போது எழுப்பும் என்று தெரியாது. ஆகவே ஊகிக்கிறது. இந்த ஊகத்தைச் செய்யும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். லினக்ஸின் மெனு கவர்னர் கடைசி எட்டு ஓய்வுகளின் நீளத்தை எடுத்து, அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று திட்டவிலக்கம் கணக்கிட்டுப் பார்க்கும். நெருக்கமாக இருந்தால் அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்ளும். 2019-இல் 5.1 பதிப்போடு வந்த டியோ கவர்னர், பெரும்பாலான விழிப்புகளுக்கு டைமர்தான் காரணம் என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 4.17-இல், கெர்னல் உருவாக்குநர் ரஃபேல் வைசோக்கி தூங்கப் போகும் இந்தச் சுற்றின் வரிசையையே மாற்றி அமைத்தார். அதுவரை முதலில் டிக்கை நிறுத்திவிட்டு, பிறகுதான் கவர்னரிடம் எவ்வளவு ஆழம் என்று கேட்பார்கள். குட்டித்தூக்கம் என்று பதில் வந்தால் டிக்கை நிறுத்திய செலவு வீண். இப்போது முதலில் கேட்டுவிட்டுப் பிறகு நிறுத்துகிறார்கள். இவ்வளவு சிறிய ஒரு வரிசை மாற்றத்துக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தக் கவர்னர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் தன் கோரைப் பற்றி மட்டுமே யோசிக்கிறது.

இரண்டரை மில்லி வினாடி

அன்று மாலை பவர்டாப்பில் கோர்களின் வரிசையை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு நெடுவரிசையைப் பார்த்தேன். அது முழுச் சில்லும் எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று காட்டுவது. நான்கு கோர்களும் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்ததாகச் சொன்ன அதே கருவி, சில்லு அந்த ஆழத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னது. முதலில் இரண்டில் ஒன்று பிழை என்று தோன்றியது. பிழை ஏதும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

பின்னணியில் நான்கு சிறு நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பத்து மில்லி வினாடிக்கு ஒரு முறை எழுந்து, ஏதாவது மாறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும் வகை. எந்த நிரல் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் அவற்றை ஆளுக்கொரு கோரில் வைத்திருந்தது. காலியான கோர்கள் இருக்கும்போது அது அப்படித்தான் செய்யும். கணக்குக்காக ஒவ்வொரு விழிப்பும் 0.2 மில்லி வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் 0.2 என்றால் இரண்டு சதவீதம். ஒவ்வொரு கோருக்கும் கிட்டத்தட்ட பத்து மில்லி வினாடி நீளமான ஓய்வு கிடைக்கிறது. ஐந்துக்கு மேல் இருப்பதால், சி10-க்குப் போகலாம் என்று ஒவ்வொரு கவர்னரும் சரியாகவே முடிவெடுக்கிறது. ஆனால் அந்த நான்கு டைமர்களும் ஒரே கணத்தில் தொடங்கியவை அல்ல. ஒன்று பூஜ்யத்தில் எழுந்தால் இன்னொன்று இரண்டரையில், அடுத்தது ஐந்தில், கடைசி ஏழரையில். நான்கும் சேர்ந்து தூங்கும் இடைவெளி இரண்டரை மில்லி வினாடிக்கும் குறைவு. சில்லு முழுவதையும் அணைக்கத் தேவையான ஐந்து ஒருபோதும் கிடைப்பதில்லை.

வீட்டில் நான்கு பேர் தலா பத்து மணி நேரம் தூங்குகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில். எல்லோருக்கும் நல்ல தூக்கம். கூடத்து விளக்கு மட்டும் அணைவதே இல்லை. நண்பரிடம் இப்படித்தான் சொன்னேன். அதே நான்கு நிரல்களும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் படுத்தால் பொது ஓய்வு 9.8 மில்லி வினாடி. ஒவ்வொரு கோரின் பயன்பாடும் அப்போதும் அதே இரண்டு சதவீதம். சில்லு விழித்திருக்கும் நேரம் எட்டு சதவீதத்திலிருந்து இரண்டாகக் குறைகிறது. அதைவிட முக்கியமாக, ஆழம் கைக்கு எட்டுகிறது. நினைவகத்தைத் தன் தரவைத் தானே காத்துக்கொள்ளும் தற்புதுப்பிப்பு நிலைக்கு அனுப்புவது, பொதுக் கேஷைக் காலி செய்வது போன்ற பெரிய சேமிப்புகள் எல்லாம் அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. ஒரு கோரில் இரண்டு திரிகள் (தனித்தனி வேலை ஓட்டங்கள்) ஓடும் சில்லுகளில் இதே கதை ஒரு படி கீழேயும் நடக்கிறது: இரண்டு திரிகளும் ஓய்ந்தால்தான் கோர் தூங்கும், எல்லாக் கோர்களும் ஓய்ந்தால்தான் சில்லு தூங்கும்.

கோர்கள் கூடினால் மின்சாரம் மிச்சமாகும் என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. வேலை இருக்கும்போது அது உண்மையாக இருக்கலாம். வேலை இல்லாதபோது ஒவ்வொரு கூடுதல் கோரும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய இன்னொரு ஆள்.

கெர்னலின் இரண்டு மனம்

அப்படியானால் எல்லா டைமர்களையும் ஒரே கணத்துக்கு இழுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கெர்னல் அதைச் செய்யப் பார்த்திருக்கிறது. துல்லியம் தேவைப்படாத டைமர்களை முழு வினாடிக்கு நகர்த்தும் ஒரு சிறு வசதி 2007-லேயே சேர்க்கப்பட்டது. நோக்கமே விழிப்புகளைக் குறைப்பதுதான். ஆனால் அந்த நிரலின் விளக்கக் குறிப்பைப் படித்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லாக் கோர்களும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே பூட்டுக்காக (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட விடும் ஏற்பாடு) முட்டிக்கொள்ளக் கூடாது என்று, ஒவ்வொரு கோருக்கும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நகர்த்துகிறார்கள். ஒன்றாக எழுப்பவும் வேண்டும், ஒன்றாக எழுப்பவும் கூடாது. இதே இழுபறி கெர்னலின் தொடக்க விருப்பங்களிலும் உண்டு: கோர்களின் டிக்குகளை ஒன்றுக்கொன்று விலக்கி வைக்கும் ஒரு விருப்பத்தைக் கொடுத்துவிட்டு, இது மின்செலவைக் கூட்டும், தாமத நடுக்கத்தைத் தாங்க முடியாத பணிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். பெரிய சர்வரில் பூட்டுக்கான நெரிசல் பிரச்சினை. மடிக்கணினியில் பேட்டரி பிரச்சினை. ஓடுவது ஒரே கெர்னல்.

2024 மே மாதம் வந்த 6.9 பதிப்பில் இதற்கு ஒரு நல்ல முன்னேற்றம் இருந்தது. டைமரைப் பதியும்போதே அது எந்தக் கோரில் எழ வேண்டும் என்று ஊகிக்கும் பழைய முறையை விட்டு, பதிந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்தக் கோர் தூங்கிவிட்டால் விழித்திருக்கும் வேறொரு கோர் அந்த டைமரைத் தானே எடுத்துக் கவனிக்கும் முறை வந்தது. தாமஸ் க்ளைக்ஸ்னரும் அன்னா-மரியா பென்சனும் பல ஆண்டுகள் உழைத்த வேலை அது. ஆனால் அது கெர்னலின் சாதாரண டைமர்களுக்குத்தான்; என் நான்கு நிரல்கள் பயன்படுத்திய உயர்துல்லிய டைமர்களுக்கு அல்ல.

கைப்பேசிகளில் அதிகம் காணும் ஏஆர்எம் சில்லுகளின் உலகத்தில் சில வடிவமைப்புகளில் கோர் குழுவின் தூக்கத்தை இயங்குதளமே தீர்மானிக்கலாம். அப்போது குழுவில் யார் முதலில் எழப் போகிறார் என்று பார்த்த பிறகு ஆழத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. எனக்கு அதுதான் நேர்மையான வழியாகத் தெரிகிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் எக்ஸ்86-இல் அந்த முடிவு வன்பொருளின் கையில்.

மெதுவாக நடப்பதா, ஓடிப்போய்ப் படுப்பதா

நண்பர் இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "பிறகு ஏன் அதிர்வெண்ணைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள்?" என்றார். அதற்கும் ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. சுற்றின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் அதிர்வெண்ணோடும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம். 1994-இல் மார்க் வைசரும் பிரென்ட் வெல்ச்சும் ஆலன் டெமர்ஸும் ஸ்காட் ஷெங்கரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதையே இயங்குதளத்தின் பொறுப்பாக முன்வைத்தது: வேகமாக முடித்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, இருக்கும் நேரம் முழுவதும் மெதுவாகப் பரப்பிச் செய்வதே சிக்கனம். ஆனால் மின்னழுத்தத்துக்கு ஒரு தரை உண்டு. அந்தத் தரையைத் தொட்ட பிறகு வேகத்தைக் குறைத்தால் மின்செலவு எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் வேலை நேரம் நீளும். மொத்த ஆற்றலில் லாபம் இல்லை. மாறாக, விழித்திருக்கும் நேரம் முழுவதும் கசியும் மின்னோட்டத்துக்கும் விழித்தே இருக்க வேண்டிய நினைவகத்துக்கும் சேர்த்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தை அடிமட்டத்தில் பூட்டிவைத்தால் பேட்டரி நீடிக்கும் என்று இன்றும் அறிவுரை சொல்பவர்கள் இந்தப் பாதிக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

பல கோர்கள் வந்ததும் இதிலும் ஒரு கூட்டுக்குடும்பச் சிக்கல். ஒரே மின்னழுத்தத்தைப் பகிரும் கோர்களில் ஒன்று வேகம் கேட்டால் மற்றவையும் அந்த அழுத்தத்தில்தான் ஓட வேண்டும். 2016-இல் 4.7-உடன் வந்த, அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் ஷெட்யூட்டில் கவர்னர், குழுவில் அதிகம் கேட்கும் கோரின் தேவையை எடுத்து, அதன் மேல் கால் பங்கு கூட்டி அதிர்வெண்ணை வைக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, அது ஷெட்யூலரின் கணக்கையே நேரடியாகப் பயன்படுத்துவது. அதற்கு முன்பு அதிர்வெண் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், ஓய்வு பார்ப்பவர்கள் ஒரு பக்கம், ஷெட்யூலர் தனியாக ஒரு பக்கம். மூவரும் ஒரே கோரைப் பற்றி மூன்று விதமாக ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலைகளைச் சில கோர்களில் குவித்து மற்றவற்றைத் தூங்கவிடும் ஒரு திருகு (மாற்றிவைக்கும் அமைப்பு) லினக்ஸில் 2006 முதல் இருந்தது. 2012-இல் ஷெட்யூலரைப் பராமரிப்பவர்களில் ஒருவரான பீட்டர் சைல்ஸ்ட்ரா, அது சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று பிடுங்கி எறிந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு பராமரிப்பாளரான இங்கோ மோல்னார், மூன்று பிரிவுகளும் ஒன்றாக யோசிக்காதவரை இன்னொரு ஒட்டுவேலையை ஏற்க மாட்டேன் என்ற நிலை எடுத்தார். அது பிடிவாதமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது சரியான பிடிவாதமாகவே படுகிறது. வேகமான பெரிய கோர்களையும் சிக்கனமான சிறிய கோர்களையும் ஒரே சில்லில் சேர்க்கும் ஏஆர்எம்மின் பெரிய-சிறிய கோர் அமைப்புக்கு அறிவிப்பு வந்தது 2011-இல். எந்தப் பணியை எந்தக் கோரில் வைத்தால் எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணக்குப் போடும் ஷெட்யூலர் பிரதான கெர்னலில் நுழைந்தது 2019-இல், 5.0 பதிப்பில். அதுவும் கோர்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும் சில்லுகளில்தான். எந்தக் கோராவது தன் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கு ஒதுங்கிக்கொள்ளும்.

தெரிந்தவர் வாய் திறப்பதில்லை

இத்தனை ஊகங்களையும் பார்த்தபிறகு எனக்கு உறுத்துவது இதுதான்: அடுத்து என்ன நடக்கும் என்று உண்மையிலேயே தெரிந்த ஒரே ஆள் நிரல்தான். இந்தப் பத்து மில்லி வினாடி கண்டிப்பானதா, பதினைந்து ஆனாலும் பரவாயில்லையா என்பது அதை எழுதியவருக்குத் தெரியும். சொல்வதற்கு வழியும் இருக்கிறது. லினக்ஸில் 2008 முதலே ஒவ்வொரு திரியும் தன் டைமர்களுக்கு எவ்வளவு தளர்வு ஏற்புடையது என்று அறிவிக்கலாம். யாரும் அறிவிக்காவிட்டால் கெர்னல் எடுத்துக்கொள்வது வெறும் 50 மைக்ரோ வினாடி. அதற்குள் நான்கு டைமர்கள் தற்செயலாக ஒன்றுசேர வாய்ப்பே இல்லை. விண்டோஸில் டைமர்களை ஒன்றுசேர்க்கும் வசதி 2009-இன் விண்டோஸ் 7-உடன் வந்தது; ஆனால் ஏதோ ஒரு நிரல் கடிகாரத் துல்லியத்தை 15.6 மில்லி வினாடியிலிருந்து ஒன்றுக்கு மாற்றினால் கணினி முழுவதும் அந்தத் தாளத்துக்கு ஆடும் நிலை அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. ஆப்பிள் 2013-இல் மேக் இயங்குதளத்தின் மேவரிக்ஸ் பதிப்பில் யாரையும் கேட்காமல் டைமர்களை ஒன்றுசேர்த்தது. பயன்பாட்டுக் கண்காணிப்பில் ஓய்விலிருந்து எழுப்பிய எண்ணிக்கைக்குத் தனி நெடுவரிசையும் வைத்திருக்கிறார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். சதவீதத்துக்குப் பக்கத்தில் அந்த எண் இருந்திருந்தால் எங்களுக்குள் இந்த வாதமே வந்திருக்காது.

இதற்கிடையில் வன்பொருள் பொறுமையிழந்துவிட்டது. ஸ்கைலேக் முதல் அதிர்வெண் முடிவைச் சில்லே எடுத்துக்கொள்ளலாம். இயங்குதளம் 0 முதல் 255 வரை ஒரு விருப்ப எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கலாம். வேகமாக முடிவெடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 128 என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று எந்த ஆவணமும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை. சர்வர் நிர்வாகிகள் பலர் இன்னொரு எல்லைக்குப் போய், தாமதத்துக்குப் பயந்து ஆழ்ந்த நிலைகளையே அணைத்துவிடுகிறார்கள். ஒரு மில்லி வினாடிகூடத் தாங்காத சேவைக்கு அது நியாயம். இரவு முழுவதும் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் அதே அமைப்பை நகலெடுத்து வைப்பதற்கு என்ன நியாயம் என்று தெரியவில்லை.

அந்த நான்கு நிரல்களில் ஒன்று எங்கள் குழு எழுதியது. ஒரு பதிவுக் கோப்பில் புதிய வரி வந்திருக்கிறதா என்று பார்ப்பது. கோப்பு மாறும்போது தானே தகவல் சொல்லும் வசதி கெர்னலில் பல ஆண்டுகளாக இருக்கிறது; நண்பர் அன்றே அதற்கு மாற்றிவிட்டார். இன்னொன்று ஒரு சென்சாரைப் படிப்பது. அந்தச் சென்சாருக்குக் குறுக்கீட்டு இணைப்பே (தானாகச் சேதி சொல்லும் வழி) கிடையாது, ஆகவே அவ்வப்போது போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏன் பத்து மில்லி வினாடி என்று கேட்டேன். முந்தைய நிரலில் அப்படி இருந்ததாம். நூறாக மாற்றி இருபது மில்லி வினாடி தளர்வு கொடுத்திருக்கிறோம். சில்லு இப்போது ஆழ்நிலைக்குப் போய்வருகிறது. நண்பர் மட்டும் ஐம்பதாவது வேண்டும் என்கிறார். காரணத்தைக் கேட்டால், அளவீடு சற்றுத் தாமதமாக வருவது தனக்குக் கண்ணில் படுகிறது என்கிறார். எனக்குப் படவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.